பெயர் யாருடைய சொத்து?

கனடாவின் கிழக்கோரத்தில் நியூ பிரன்ஸ்விக் என்றொரு சிறிய மாகாணம். 1990களில், அங்கே தொழில் தொடங்க நினைக்கும் நிறுவனங்களுக்கென்று ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருந்தது. 1-800 என்று தொடங்கும். மிச்சமுள்ள ஏழு இலக்கங்களை எழுத்துகளாகப் படித்தால் 'மெக்கென்னா' என்று வரும். அது அப்போதைய மாகாண முதல்வர் பிராங்க் மெக்கென்னாவின் பெயர். அரசாங்கத்தின் வாசலில் முதல்வர் தன் பெயரையே பலகையாக மாட்டியிருந்தார்.

அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மரம், மீன், மத்திய அரசு தரும் பணம் இவற்றை நம்பியே பிழைத்த மாகாணம் அது. மாங்க்டன் நகரத்துக்குச் சோறு போட்ட ரயில்வே பட்டறை 1988இல் மூடப்பட்டது. ஊரே இடிந்துபோய் உட்கார்ந்திருந்த நேரத்தில், மாகாணத்திடம் இருப்பது என்ன என்று அவருடைய அரசு எண்ணிப் பார்த்தது. மூன்றில் ஒருவருக்குப் பிரெஞ்சு தாய்மொழி. ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் பேசும் இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. மாகாணத்தின் தொலைபேசி நிறுவனம் நல்ல இணைப்புகளை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தது. மெக்கென்னா கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். கால் சென்டர்கள் வந்தன. 1995இல் யூபிஎஸ் என்ற கூரியர் நிறுவனம் தன் வேலைகள் சிலவற்றை அங்கே மாற்றியபோது, நாட்டின் மறுகோடியில் அந்த வேலைகளை இழந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு கொதித்துப் போனது.

அவர் காப்பாற்றிய ஒரு வாக்கையும் சொல்லியாக வேண்டும். 1987 அக்டோபர் 13 அன்று நடந்த தேர்தலில் அவருடைய லிபரல் கட்சி 58 இடங்களையும் வென்றது. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார ஓர் உறுப்பினர்கூட இல்லை. அத்தனை பலம் கையில் இருந்தும், பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்க மாட்டேன் என்றவர் 1997 அக்டோபர் 13 அன்று பதவியை விட்டு இறங்கினார். நாள்கூடப் பிசகவில்லை.

பிறகு சட்ட நிறுவனம், பல கம்பெனிகளின் இயக்குநர் குழு, 2005இல் வாஷிங்டனில் கனடாவின் தூதர் பதவி. 2006 ஜனவரியில் லிபரல் கட்சியின் தேசியத் தலைமைக்கு அவர் பெயர் பலமாக அடிபட்டது. வேண்டாமென்று ஒதுங்கினார். அதே ஆண்டு டிடி வங்கியின் துணைத் தலைவர் ஆனார். இதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. அறத்தின் கேள்வியோ சட்டம் முடிகிற இடத்தில்தான் தொடங்குகிறது.

வங்கி அவரிடமிருந்து எதை வாங்கியது? கிளை நடத்தவோ கணக்குப் பார்க்கவோ யாரும் முன்னாள் முதல்வரைத் தேடிப் போவதில்லை. அவர் கூப்பிட்டால் எடுப்பார்கள். அவர் அழைத்தால் வருவார்கள். அந்தச் செல்வாக்குக்குத்தான் விலை. தச்சன் பட்டறையை விட்டுப் போகும்போது கைத்தொழிலும் கூடவே போகிறது, அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிர்வாகத் திறமை, பேரம் பேசும் நிதானம், கோப்பு படிக்கும் கூர்மை எல்லாம் அப்படிப்பட்ட கைத்தொழில்தான். அறிமுகம் அந்தக் கணக்கில் சேராது. டொரண்டோவின் பெரிய கம்பெனித் தலைவர் ஒரு சிறு மாகாணத்து வழக்கறிஞருக்குக் கதவு திறந்தது, அவருக்குப் பின்னால் ஏழு லட்சம் பேர் நின்றதால். அவர்கள் கொடுத்த முகவரியில்தான் அந்த நட்புகள் எல்லாம் வந்து சேர்ந்தன.

அதற்காக வாசலை அடைத்துவிடலாமா? கூடாது என்றே தோன்றுகிறது. பதவிக்குப் பிறகு பிழைக்க வழியில்லை என்றால், பரம்பரைச் சொத்து உள்ளவர்கள் மட்டும்தான் அரசியலுக்கு வருவார்கள். வந்தவர்களும் நாற்காலியை விட மாட்டார்கள். வெளியே ஒரு வாழ்க்கை காத்திருக்கிறது என்ற நிம்மதி, சொன்ன நாளில் இறங்குவதற்கும் துணையாகத்தானே இருந்திருக்கும்? பதவியை விட மறுக்கும் கிழத் தலைவர்களால் நாடுகள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உண்மையான ஆபத்து பதவி முடிவதற்கு முன்னாலேயே இருக்கிறது. மேசைமேல் ஒரு கோப்பு கிடக்கிறது. அதில் கையெழுத்துப் போடுகிறவர் மனத்தின் ஓரத்தில், நாளைக்கு இந்தக் கம்பெனியில் நமக்கு ஓர் இடம் உண்டா என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறது. அதை எந்தச் சாட்சியும் பார்க்க முடியாது, சில நேரம் அவருக்கே தெரியாது. சட்டங்கள் பெரும்பாலும் பதவி முடிந்த பிறகுள்ள காலத்தையே அளக்கின்றன. கனடாவின் மத்திய அமைச்சர்கள் பதவி விலகி ஐந்து ஆண்டு வரை அரசிடம் பரிந்து பேசும் வேலைக்குப் போகக் கூடாது என்று 2008 முதல் விதி இருக்கிறது. ஆனால் பரிந்து பேசுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவரை அந்த விதி எட்டிப் பிடிப்பது கடினம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் முன்னாள் முதல்வர் ஜான் ஹோர்கன் 2023இல் சட்டமன்றத்தை விட்டு விலகிய கையோடு ஒரு நிலக்கரி நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்வதாகச் செய்தி வந்தது. அவருக்கு வாக்களித்த பலருக்கு அது நெஞ்சில் தைத்தது. ஆட்சியில் அவர் எடுத்த முடிவுகள் நேர்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு, பழைய முடிவுகள் ஒவ்வொன்றையும் மக்கள் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். பதவியில் இருந்தபோது சம்பாதித்த நம்பிக்கையை, போன பிறகும் ஒருவரால் செலவழித்துவிட முடிகிறது.

ஆகவே குறைந்தபட்சம் இதைக் கேட்கலாம்: தான் கையெழுத்திட்ட கோப்பால் லாபம் அடைந்த நிறுவனத்திடம் சம்பளம் வாங்காதிருத்தல், வாங்குகிற இடத்திலும், யாரை எதற்காகச் சந்தித்தார் என்பது ஊருக்குத் தெரியும்படி இருத்தல். ஐந்தாண்டுத் தடையைவிட இது கடுமையானது, ஏனென்றால் இதற்குக் கெடு கிடையாது.

மாங்க்டன் பட்டறை மூடிய அன்று, ரயில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் அங்கே ஏராளம் இருந்தன. அந்த வித்தையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஊரில் வேறு வாசல் இல்லை. சில ஆண்டுகளில் அதே ஊரில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு மொழியிலும் பொறுமையாகப் பதில் சொன்னவர்களும் உண்டு. மெக்கென்னா என்ற பெயருக்கு இருந்த மதிப்பில் அவர்கள் குரலுக்கும் பங்கு இருந்தது.