தரகர் எதை மறைக்கலாம்?



காரிமங்கலம் சந்தைக்கு மாடு வாங்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின்மேல் போடுகிறார். விற்பவர் கை ஒரு முறை துண்டுக்குள் போகிறது. வாங்குபவர் கை ஒரு முறை போகிறது. விரல்களே விலை பேசுகின்றன. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இது வஞ்சகமல்லவா என்று கேட்பாருண்டு. அல்ல. அந்தத் துண்டு விலையை மட்டுமே மூடுகிறது, மாட்டை மூடவில்லை. மாடு எல்லார் கண்ணுக்கும் முன்னால் வெயிலில் நிற்கிறது. வாங்குகிறவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைக் கணக்கிடலாம். நடக்கவிட்டுக் காலைப் பார்க்கலாம். மடியைத் தொட்டுப் பார்க்கலாம்.

இனி வேறொரு தரகைப் பாருங்கள். பல் டாக்டர் ஒருவருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். நெடுங்காலம் நடத்திய ஆஸ்பத்திரியை விற்க நினைக்கிறார். படித்து முடித்த இளம் டாக்டர் ஒருவர், கடன் வாங்கியாவது, நடந்து வருகிற ஓர் ஆஸ்பத்திரியை வாங்க விரும்புகிறார். இவ்விருவரையும் சேர்த்து வைப்பதற்குத் தரகர் வேண்டும். மேல்நாடுகளில் இது தனித் தொழிலாகவே நடந்து வருகிறது. நம் பங்கைச் சேர்ந்த ஒரு பிள்ளை இந்தத் தொழிலுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். “இது நியாயமான சம்பாத்தியந்தானா?” என்று தாய் தகப்பன் கேட்டால் நாம் என்ன சொல்வது?

நியாயமானதே என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் ஆள் இல்லாவிட்டால் பெரியவர் ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுப் போவார். நாற்காலி பழைய இரும்புக் கடைக்குப் போகும். பாதி சிகிச்சையில் இருக்கும் ஜனங்கள் பஸ் ஏறி வேறு ஊருக்கு அலைவார்கள். இதைத் தடுக்கிறவனுடைய உழைப்புக்குக் கூலி உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே மாடு வெயிலில் நிற்கவில்லை. நாற்காலியையும் எக்ஸ்ரே கருவியையும் எண்ணிப் பார்க்கலாம். விலையில் பெரிய பங்கு அவற்றுக்கல்ல. “இந்த டாக்டரிடம் போனால் நல்லது” என்று ஜனங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு. சட்டமும் இதை அறிந்திருக்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவனைத் தொழில் செய்யாதபடி தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்கிறது. ஆனால் தன் வியாபாரத்தின் நன்மதிப்பை விற்றவன், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம் என்று விலக்கும் தருகிறது. இன்று விற்றவர் நாளை எதிர்த் தெருவில் ஆஸ்பத்திரி திறந்தால் வாங்கியவர் கதி என்ன?

இந்த நன்மதிப்பை வாயைத் திறந்து பார்க்க முடியாது. அது கணக்குப் புத்தகத்திலும் ஊர்ப் பேச்சிலும் இருக்கிறது. அதைப் பார்த்தறிந்தவர் தரகர். “வாங்குகிறவன் கண்ணைத் திறந்து வாங்கட்டும்” என்று அவர் சொல்லலாகாது. அவன் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதற்காகவே அவருக்குக் கூலி.

அப்படியானால் தரகர் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா? 13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இந்த விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார். தானியம் விலையேறிய ஊருக்கு ஒருவன் தானியம் கொண்டு போகிறான். பின்னால் இன்னும் பலர் கொண்டு வருகிறார்களென்று அவனுக்குத் தெரியும். அதை அவன் சொல்லாமல் நடப்பு விலைக்கு விற்றால் அது அநியாயமாகாது; சொன்னால் அதிக புண்ணியம் என்கிறார். ஆனால் விற்கும் பொருளிலே மறைந்த குற்றம் இருந்து, அதனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால், அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார்.

இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். பெரியவர் கடைசியில் எவ்வளவுக்கு இறங்குவார், இளைஞர் எவ்வளவு வரை ஏறுவார் என்பவை துண்டுக்குள் இருக்கலாம். கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் ஆறு மாதத்தில் முடிகிறது, கருவி பழுது, கணக்கில் காட்டிய நோயாளிகளில் பாதிப்பேர் இப்போது வருவதில்லை என்பவை துண்டுக்குள் இருக்கலாகாது. இரு பக்கமும் தரகு வாங்குவதும் அப்படியே. இருவரும் அறிந்து கொடுத்தால் அது கூலி. ஒருவர் அறியாமல் மற்றவரிடம் வாங்கினால், ஒருவருக்கு வேலைக்காரனாக இருந்துகொண்டே அவரை விற்றதாகும். ஏழாம் கற்பனை அங்கே நிற்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் பேச்சு நடக்கும் இடத்தில் இல்லை. அவர்தான் நோயாளி.

நம் மாவட்டத்தை நினையுங்கள். பல கிராமங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவத்தில், பல் உருவாகும் வருஷங்களில், குடித்தவர்களுக்குப் பல்லில் கறை விழுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது இந்தத் துன்பத்தைக் குறைக்கவே. ஆனால் முன்பே விழுந்த கறை நல்ல நீரைக் குடிப்பதனால் போய்விடாது.

இப்போது தரகர் இளம் டாக்டரிடம் எப்படிப் பேசுவார்? “இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தண்ணீரால் பல்லில் கறை. வருகிறவர்களுக்கெல்லாம் ‘கேப்’ மாட்டலாம். போட்ட பணம் இரண்டு வருஷத்தில் திரும்பிவிடும்” என்று சொல்ல நாக்கு துடிக்கும். இதில் பொய் ஒரு வார்த்தையும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் லேசான கறைக்குப் பலருக்குச் சிகிச்சையே தேவையில்லை. சிரிக்க வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொள்ளும் ஒரு கிராமத்துப் பெண்ணின் துயரத்தை விலைப் பட்டியலில் சேர்த்தாயிற்று. கடன் சுமையோடு வந்த இளைஞருக்கு அவளை மனுஷியாக அல்ல, தவணையாகப் பார்க்கவும் கற்றுக் கொடுத்தாயிற்று. மாட்டுச் சந்தையில் விற்பனைக்கு நிற்பது மாடு. இங்கே நிற்பவள் நம் அயலாள்.

“நான் சொல்லாவிட்டால் வேறு தரகர் சொல்வார்” என்பது உண்மையாக இருக்கலாம். அது அவருடைய பாவசங்கீர்த்தனத்துக்குரிய விஷயம். உன் கணக்கு உன்னுடையது.

ஆகையால், பெற்றோர்களே, மகன் இந்தத் தொழிலுக்குப் போக விரும்பினால் தடுக்க வேண்டாம். மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். உனக்குத் தெரிந்த குற்றத்தை வாங்குகிறவரிடம் சொன்னாயா? உன் கூலி எவ்வளவு, யார் தருகிறார் என்பது இருவருக்கும் தெரியுமா? பாதி சிகிச்சையில் இருப்பவர்களைப் புதிய டாக்டர் ஏற்றுக்கொள்வதாக எழுதி வாங்கினாயா? மூன்றுக்கும் ஆம் என்றால், அவன் கொண்டுவரும் பணத்தில் வீட்டில் உலை வைக்கலாம். மனச்சாட்சி உறுத்தாமல் அந்தச் சோற்றை உண்ணலாம்.