தண்ணீர் எங்கே நிற்கிறது?

இரும்பை ஏரி மாதிரியான மானாவாரி ஏரிகளில் ஐப்பசி மழைக்கும் தண்ணீர் சேரவில்லை என்றால், உடனே ஏரியைத் தூர்வாரச் சொல்வோம். விவரமானவர் வரத்து வாய்க்காலோடு நடந்து போய்ப் பார்ப்பார். எங்கோ ஓரிடத்தில் வேலிக்கருவையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கிடக்கும். பத்தடி அடைப்பு, மொத்த ஏரியும் காயும்.

அலுவலகத்தில் வேலை தேங்கினால் ஆளைக் கூட்டுகிறோம். கோப்பு யார் மேஜையில் தூங்குகிறது என்று அதன் பின்னாலேயே போவதில்லை. (அது பெரும்பாலும் பெரியவர் மேஜை. யார் சொல்வது?)

மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி அடைப்பைத் தேடிப் போய்ப் பார்த்தார். அடைப்பு, அறுவை மருத்துவரின் நேரம். ஒரு மருத்துவருக்கு இரண்டு அறுவை மேஜை போட்டார்கள். இங்கே ஒரு கண் அறுவை முடியும்போது அங்கே அடுத்தவர் தயார். முன்பரிசோதனையும் ஆயத்தமும் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கையில். அது சரியானதும் அடுத்த அடைப்பு தலைகாட்டியது: கண்ணுக்குள் வைக்கும் இறக்குமதி லென்ஸின் விலை. லென்ஸை இங்கேயே செய்ய 1992இல் அரவிந்தின் ஆரோலேப் ஆலை வந்தது.