யூதாசோடு நடந்தவர்



இன்று வாசிக்கக் கேட்ட மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பன்னிருவரையும் இருவர் இருவராக அனுப்புகிறார். கைத்தடி எடுத்துக்கொள்ளலாம், மிதியடி போட்டுக்கொள்ளலாம். சாப்பாடு வேண்டாம், பை வேண்டாம், இடுப்பில் காசு வேண்டாம், மாற்று அங்கியும் வேண்டாம். இத்தனை விவரம் சொன்ன மாற்கு ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். யாரை யாரோடு அனுப்பினார்?

மத்தேயு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பன்னிருவர் பெயரும் இரண்டிரண்டாக வருகிறது. நடந்து போன ஜோடிகளே அந்த வரிசையில் இருக்கலாம் என்று விவிலிய அறிஞர்களில் சிலர் கருதுகிறார்கள். பேதுருவும் அந்திரேயாவும் அண்ணன் தம்பி. யாக்கோபும் யோவானும் அதே மாதிரிதான். பிலிப்பு, பர்த்தலமேயு ஒரு ஜோடி. தோமாவுக்கு வரி வசூலித்த மத்தேயு. அல்பேயுவின் மகன் யாக்கோபுக்கு ததேயு. கடைசியில் மிஞ்சுகிறவர்கள் இருவர்: தீவிரவாதியாய் இருந்த சீமோன், யூதாசு இஸ்காரியோத்து.

இந்த வரிசை சரி என்றால், சீமோன் கலிலேயாவின் புழுதியில் யூதாசோடு நடந்திருக்கிறார். ஒரே வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறார்கள், ஒரே தட்டில் கை வைத்திருக்கிறார்கள். பன்னிருவரும் பேய்களை ஓட்டினார்கள், நோயாளிகளை எண்ணெய் பூசிக் குணமாக்கினார்கள் என்றுதான் மாற்கு எழுதுகிறார். பதினொருவர் என்று எழுதவில்லை. ஆக, யூதாசின் கை பட்டும் யாரோ ஒரு தாய்க்குக் காய்ச்சல் விட்டிருக்கும். திரும்பி வந்தபோது எல்லாரும் செய்ததையும் கற்பித்ததையும் சொல்கிறார்கள். “எனக்கு வேறு ஆளைக் கொடுத்திருக்கலாமே, ஆண்டவரே” என்று சீமோன் முறையிட்டதாக ஒரு வரிகூட இல்லை.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது என் மனம் எங்கே போனது தெரியுமா? கோல்ஃப் விளையாட்டுக்கு. சிரிக்காதீர்கள். மாம்பழமும் தக்காளியும் விளைகிற நம் தர்மபுரி மண்ணில் நின்றுகொண்டு சாமியார் பணக்காரர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போய் வரும் நம் பிள்ளைகளுக்கு அது அவ்வளவு தூரம் இல்லை. 1876இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப்பின் பச்சைப் புல்லை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள் உங்களில் இருப்பார்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. சனி, ஞாயிறு ஆனால் மைதானத்தில் கூட்டம். ஆளுக்கொரு நேரம் ஒதுக்கினால் கட்டுப்படியாகாது. அதனால் நான்கு பேரை ஒரு குழுவாக அனுப்புவார்கள். நீங்கள் தனியாகப் போனால், முன்பின் தெரியாத மூவரோடு உங்களைச் சேர்த்துவிடுவார்கள். ஒருவர் வங்கி மேலாளராக இருப்பார், இன்னொருவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரராக இருப்பார், மூன்றாமவர் இன்னும் மீசை அரும்பாத பையனாக இருப்பார். கைகுலுக்கிப் பெயர் சொல்லிவிட்டு, பதினெட்டுக் குழிகளையும் சுற்றி வர நான்கு மணி நேரம் அவர்களோடுதான் நடக்க வேண்டும். பாதியில் பிடிக்கவில்லை என்று விலகினால் உங்கள் ஆட்டமும் போய்விடும்.

ஸ்காட்லாந்தில் ஒரு கடற்கரை ஊர். அந்த ஊரின் பெயரே நம் திருத்தூதர் அந்திரேயாவின் பெயர்தான், செயின்ட் ஆண்ட்ரூஸ். உலகத்து கோல்ஃப்காரர்கள் திருயாத்திரை போவது போல அங்கே போகிறார்கள். அங்குள்ள பழைய மைதானத்தில் தனியாக ஆட வருகிறவர்கள் முன்பெல்லாம் இருட்டில் வந்து வரிசையில் நின்று விடியும்வரை காத்திருப்பார்கள், எங்காவது ஒரு குழுவில் ஓர் இடம் காலியாக இருக்காதா என்று. 2024 முதல் அந்த வரிசை இல்லை. முதல் நாளே பெயர் கொடுத்தால் குலுக்கல் போடுகிறார்கள். குலுக்கலில் யாருடன் விழுகிறதோ, அவர்தான் உங்கள் துணை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மைதானத்தில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு புல்லில் உலாவுவார்கள். ஞாயிறு காலை கிரிக்கெட் மட்டையோடு நம் கோவில் மதிலைத் தாண்டிப் போகும் தம்பிகளின் காதில் இது விழட்டும்.

குலுக்கல் என்றதும் உங்களுக்கு மத்தியா நினைவுக்கு வந்திருப்பார். யூதாசின் இடம் காலியானபோது பர்சபா என்ற யோசேப்பையும் மத்தியாவையும் முன்னே நிறுத்தி, செபித்து, சீட்டுப் போட்டார்கள். சீட்டு மத்தியா பேருக்கு விழுந்தது. அவர் மற்றப் பதினொருவரோடு சேர்க்கப்பட்டார். தேர்தல் பேச்சு இல்லை, நம்ம ஆள் என்ற பேச்சும் இல்லை. நம் பிள்ளைகள் கபடிக்கு உத்தி பிரிப்பதும் இதே போலத்தான். தோளில் கை போட்டு ஒதுங்கிப் போகும் இருவர் ஆளுக்கொரு பெயரை ரகசியமாக வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். தலைவன் ஒரு பெயரைக் கேட்பான். சேர்ந்து போன நண்பன் எதிரணிக்குப் போவான். நேற்றுவரை முறைத்துக்கொண்டிருந்தவன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டில் நிற்பான்.

அந்த கோல்ஃப் ஆட்டத்தின் விதிகளில் சிலவற்றைக் கேட்டால் ஆண்டவரின் உவமைகளை யாரோ புல்தரையில் நட்டுவைத்தது போல இருக்கிறது. குழியிலிருந்து யாருடைய பந்து அதிகத் தூரத்தில் கிடக்கிறதோ, வழக்கப்படி அவருக்குத்தான் முதல் அடி. ஒருவருடைய பந்து புதரில் காணாமல் போனால் நால்வரும் சேர்ந்து தேடுவார்கள், முன்பின் தெரியாதவரின் பந்தாக இருந்தாலும். தேட மூன்று நிமிடம், 2019க்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. நாம் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளை காணாமல் போனால்கூட, அது யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டுத்தானே இறங்குகிறோம்?

இன்னொரு ஏற்பாடும் உண்டு. நன்றாக ஆடுகிறவரும் தடுமாறுகிறவரும் ஒன்றாக ஆட வேண்டும் என்பதற்காக, பலவீனருக்கு முன்கூட்டியே சில அடிகள் சலுகையாகக் கொடுத்துவிடுகிறார்கள். 72 அடியில் சுற்றை முடிக்கிறவரோடு 90 அடி அடிக்கிற தாத்தாவும் சரிசமமாகப் போட்டியிடலாம், 18 அடி கழிக்கப்படும். இந்தக் கணக்கை உலகம் முழுக்க ஒரே முறைக்குக் கொண்டுவந்தது 2020இல். பலமுள்ளவர் இதைத் தனக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்று சொல்வதில்லை. இந்தச் சலுகை இல்லாவிட்டால் அவருக்கு ஆட ஆளே கிடைக்காது. பவுலடியார் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தை வீட்டில் போய் வாசித்துப் பாருங்கள். இதே விஷயம்தான் அங்கே இருக்கிறது.

ஆனால் என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு ஒன்று. போட்டிகளில் உங்கள் அடிகளைக் கணக்கு எழுதுகிறவர் நீங்கள் இல்லை. உங்கள் துணை உங்கள் அட்டையில் எழுதுவார், நீங்கள் அவருடைய அட்டையில் எழுதுவீர்கள். கடைசியில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

1968 ஏப்ரல் 14. அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு அன்றுதான். அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசிச் சுற்று. அர்ஜென்டினாக்காரர் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று பிறந்தநாளும்கூட, 45 வயது. அற்புதமாக ஆடினார். பதினேழாவது குழியை மூன்றே அடியில் முடித்தார். தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. அவரோடு சேர்க்கப்பட்டிருந்த டாமி ஆரன் அட்டையில் நான்கு என்று எழுதிவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, வெறும் கைப்பிழை. விசென்சோ பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து விழுந்த பிறகு, கூடுதலாக எழுதிய எண்ணிக்கையே செல்லும் என்பது விதி. 65 ஆக வேண்டியது 66 ஆயிற்று. பாப் கோல்பியோடு சமநிலையில் நின்று மறுநாள் மோத வேண்டியவர், ஓர் அடியில் பட்டத்தை இழந்தார்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அந்த ஆரனின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்போம். குடும்பத்தோடு பேச்சை நிறுத்தியிருப்போம். விசென்சோ தன்னைத்தான் முட்டாள் என்று சொல்லிக்கொண்டார், ஆரனைக் குற்றம் சாட்டவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 1973இல், அதே மைதானத்தில் ஆரனின் அட்டையில் அவருடைய துணை ஓர் அடியைக் கூட்டி எழுதிவிட்டார். ஆரன் கையெழுத்துக்கு முன் கவனித்துத் திருத்தினார். அந்த ஆண்டு பட்டம் அவருக்கு. பட்ட காயத்தைவிட, கொடுத்த காயம் ஒரு மனிதனுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் அட்டையும் இன்னொருவர் கையில்தான் இருக்கிறது, சகோதரர்களே. மாமியார் கணக்கை மருமகள் வைத்திருக்கிறார், அண்ணன் கணக்கைத் தம்பி வைத்திருக்கிறார். அன்பியக் கூட்டத்தில் எதிரே உட்காரும் அந்த அம்மா உங்கள் கணக்கை வைத்திருக்கிறார். அவர்கள் பிழையாகவும் எழுதக்கூடும். நாம் அவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் கணக்கு மட்டும் பிழையில்லாதது என்று எந்தத் தைரியத்தில் நினைக்கிறோம்?

கோல்ஃப் மைதானம் விண்ணரசு என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே குலுக்கல் வேலிக்கு உள்ளே மட்டும்தான். வெள்ளைக்காரர் காலத்துக் கிளப்களில் பலவற்றில் இந்தியருக்கு உள்ளே இடமே இருந்ததில்லை. இன்றும் பணம் கட்டியவர் ஆடுகிறார், ஏழைப் பையன் மட்டைப் பையைச் சுமக்கிறான். அப்படிப் பை சுமந்து தொடங்கிய பெங்களூர்க்காரர் சி. முனியப்பா 2009இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். அவரைப் போல எத்தனை பேரின் பெயர் குலுக்கல் பெட்டிக்குள் போகவே இல்லையோ!

வேலி நமக்கும் தெரிந்ததுதான். 2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தில், நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தத்திலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. இருவர் தங்களுக்குத் துணை என்று ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டார்கள், சாதி குறுக்கே நின்றது, மூன்று குடியிருப்புகளில் அடுப்பும் ரேஷன் அட்டையும் பள்ளிச் சான்றிதழும் சாம்பலாயின. அது வெளியே நடந்தது, கோவிலுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட முடியுமா? தெற்கே வடக்கன்குளத்தில் நம் முன்னோர் ஒரே பீடத்துக்கு இரண்டு கூடம் வைத்துக் கோவில் கட்டினார்கள். ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மற்றவர் மறு கூடத்தில், நடுவே சுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவரை இடித்தார்கள். இங்கே நம் ஆலயத்தில் சுவர் இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் பீடத்திலிருந்து பார்க்கிற எனக்குத் தெரியும், எந்தத் தெருக்காரர் எந்தத் தூண் ஓரம் உட்காருகிறார் என்று. அமைதி வாழ்த்து சொல்லும் நேரத்தில் எந்தக் கை எந்தக் கையைத் தேடிப் போகிறது, எந்தக் கையைக் காணாதது போலத் திரும்பிக்கொள்கிறது என்பதும் தெரியும்.

சிலுவை சுமந்தவருக்குக் கிடைத்த துணையையும் நினைத்துப் பாருங்கள். மூன்றாண்டு கூடவே இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சீரேன் ஊர் சீமோனைப் படைவீரர்கள் பிடித்து, அந்த மரத்தின் அடியில் தோள் கொடுக்க வைத்தார்கள். அவர் கேட்டுப் பெற்ற துணை அல்ல அது, ஆண்டவரும் பெயர் சொல்லி அழைத்த ஆள் அல்ல. ஆனாலும் மாற்கு அவருடைய மகன்கள் அலக்சாந்தர், ரூபு பெயரையும் சேர்த்து எழுதுகிறார். அந்தக் குடும்பம் பிறகு திருச்சபைக்குத் தெரிந்த குடும்பமாகியிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் நம் பங்கில் வீடு சந்திப்பு தொடங்குகிறது. நோயாளிகள், தனியாக இருக்கும் முதியவர்கள், பெங்களூருக்குப் போன பிள்ளைகளின் முகம் காணாத பெற்றோர் என்று பெயர்ப் பட்டியல் தயாராக இருக்கிறது. இதுவரை யார் யாரோடு போவது என்பதை நீங்களே முடிவுசெய்தீர்கள். அதனால் ஒரே தெருவுக்குள் ஒரே சொந்தக்காரர்கள் ஒரே வீடுகளுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தோம். இந்த முறை திருப்பலி முடிந்ததும் பீடத்தின் ஓரம் இரண்டு தகர டப்பாக்கள் இருக்கும். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. ஆளுக்கொரு சீட்டு எடுங்கள். சீட்டில் இருக்கிற எண் இன்னொருவர் கையிலும் இருக்கும். அவரைத் தேடிக் கண்டுபிடித்து, பெயரைக் கேட்டுக்கொண்டு, எந்த ஞாயிறு மாலை கிளம்புவது என்று பேசி, உபதேசியாரிடம் பதிந்துவிட்டுப் போங்கள். நானும் ஒரு சீட்டு எடுக்கிறேன். சீட்டை மாற்றித் தரச் சொல்லி யாரும் பங்கு அலுவலகத்துக்கு வர வேண்டாம்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.