தாங்கிக்கொள்வாள் என்பது யாருடைய தீர்ப்பு?

ஒருவரின் மனவலிமையைப் புகழ்வது எப்போது அநீதியாகிறது? அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் மனநலத்தைப் பற்றிப் பேச வந்தால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. எதற்கும் கலங்காதவள், அழாதவள், வீட்டையும் தேவாலயத்தையும் வேலையிடத்தையும் ஒற்றை ஆளாய்த் தூக்கி நிறுத்துபவள் என்று அவளைப் பற்றி அங்கே ஒரு சித்திரம் ஊறிப்போயிருக்கிறது. வெள்ளையர் மட்டும் அதைச் சொல்வதில்லை. அவள் வீட்டாரும் அன்போடும் பெருமையோடும் சொல்கிறார்கள். அந்தச் சித்திரம் வெறும் கட்டுக்கதை என்று 1979-இல் மிஷெல் வாலஸ் ஒரு நூலில் எழுதியபோது, அவருடைய இனத்தாரிடமிருந்தே கடுமையான கண்டனம் வந்தது. ஆனாலும் அவர் தொட்ட இடம் சரியானது. துயரைத் தாங்குவதா வேண்டாமா என்பது ஒருத்தியின் சொந்த முடிவு. அவள் தாங்கிக்கொள்வாள் என்று மற்றவர்கள் முடிவுகட்டும்போது அவர்கள் தம் கடமையிலிருந்து நழுவுகிறார்கள்.

இந்த முடிவுகட்டல் எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால் புகழ்ச்சியின் சாயம் வெளுத்துவிடும். 1845 முதல் 1849 வரை அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் ஓர் அறுவை சிகிச்சை முறையைத் தேடிக்கொண்டிருந்தார். நீண்ட, கடினமான பிரசவத்தில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்து, சிறுநீர் ஓயாமல் கசியும் நோய்க்கான சிகிச்சை அது. அவர் அதைச் சோதித்துப் பார்த்தது அடிமைப் பெண்களின் உடல்களில். அவர்களில் அனார்கா, பெட்ஸி, லூசி என்ற மூவரின் பெயர்களை மட்டுமே அவர் எழுதி வைத்தார். 1846-இல் பாஸ்டனில் ஈதர் மயக்கமருந்தைப் பலர் முன்னிலையில் பயன்படுத்திக் காட்டிய பிறகும் சிம்ஸ் அந்தப் பெண்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. அனார்காவுக்கு மட்டும் ஏறத்தாழ முப்பது முறை அறுவை நடந்தது. உதவிக்கு வந்த வெள்ளை மருத்துவர்கள் ஒரு கட்டத்தில் விலகிக்கொண்டார்கள். அதன் பிறகு ஒருத்தியை அறுக்கும்போது அவளைப் பிடித்துக்கொள்ளவும் கூடமாட உதவவும் மற்றப் பெண்களே பழக்கப்பட்டார்கள். இன்று பிடித்துக்கொண்டவள் நாளை அதே மேசையில் கிடந்தாள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற சிம்ஸின் சிலை அங்கிருந்து அகற்றப்பட்டது 2018-இல்தான்.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. 2016-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெள்ளை இன மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் சில கூற்றுகளைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது அவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட பொய்களில் ஒன்றையாவது ஏறத்தாழப் பாதிப் பேர் நம்பினார்கள். நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். பரிந்துரைத்த சிகிச்சையிலும் தவறினார்கள். 2017-இல் சிசேரியன் முடிந்த மறுநாள் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு மூச்சுத் திணறியது. இரத்தம் உறையும் நோய் தனக்கு முன்பே இருந்ததால், எந்த ஸ்கேன், எந்த மருந்து வேண்டும் என்று அவரே செவிலியிடம் சொன்னார். வலி மருந்தின் மயக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று செவிலி நினைத்தார். முதலில் கால்களை ஸ்கேன் செய்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு அவர் கேட்ட ஸ்கேனை எடுத்தபோது நுரையீரலில் இரத்தக் கட்டிகள் தெரிந்தன. படமெடுத்துப் பார்க்கக்கூடிய நோய்க்கே, அதுவும் உலகமே அறிந்த ஒருவருக்கே இந்த நிலை என்றால், எந்த ஸ்கேனிலும் விழாத மனச்சோர்வைப் பெயர் தெரியாத ஒரு பெண் எந்த நம்பிக்கையில் போய்ச் சொல்வாள்?

சொல்லாமலிருக்கவே அவள் பழக்கப்படுகிறாள். 2010-இல் ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே கறுப்பினப் பெண்களிடம் பேசி எழுதிய ஆய்வு இதை விரிவாகக் காட்டியது: எப்போதும் உறுதியாகத் தெரியவேண்டும், உணர்ச்சியை அடக்கவேண்டும், பிறரைச் சார்ந்திருக்கக் கூடாது, கையில் எதுவும் இல்லாவிட்டாலும் ஜெயித்துக் காட்டவேண்டும், எல்லோருக்கும் உதவவேண்டும். இவை தம்மேல் விழுந்த கடமைகள் என்று அந்தப் பெண்கள் உணர்ந்தார்கள். சுமைதாங்கிக் கல்லின்மேல் பாரத்தை இறக்கி வைப்பவர் அதற்கு வலிக்குமா என்று கேட்பதில்லை. இப்படி வாழ்கிறவளிடம் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல், தூக்கமின்மையாகவும் எரிச்சலாகவும் தன்னையே குறைசொல்வதாகவும் வெளிப்படக்கூடும். அந்த எரிச்சலைப் பார்த்ததும் கோபக்காரி என்று முத்திரை குத்த அந்தச் சமூகம் தயாராகவே இருக்கிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, வலிமை அவர்களுடைய பாட்டிமார் விட்டுச்சென்ற சொத்து, அதைக் குறைசொல்ல வெளியார் யார் என்பது. இதை மரியாதையோடு கேட்கவேண்டும். சான்றும் ஓரளவு இதன் பக்கம் நிற்கிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 208 கறுப்பினப் பெண்களிடம் அமானி ஆலன் குழுவினர் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இனப் பாகுபாட்டைச் சந்திக்கும் பெண்ணுக்கு உறுதியான முகம் காட்டுவதும் உணர்ச்சியை அடக்குவதும் உடல் அளவில் ஓரளவு காப்பாகவே இருந்தன. எப்படியும் ஜெயித்தாக வேண்டும் என்ற வெறியும் எல்லோரையும் தாங்கவேண்டும் என்ற கடமையுணர்வும்தான் பாதிப்பைக் கூட்டின. அடிப்பவன் முன்னால் அழாமல் நிற்பது அவளைக் காக்கிறது; அவனைத் தவிர்த்த மற்ற எல்லோரின் பாரத்தையும் சேர்த்துச் சுமப்பதுதான் அவளை உடைக்கிறது. ஆக, அந்தச் சொத்தை யாரும் பறிக்க வேண்டியதில்லை. அதன்மேல் பிறர் உரிமை கொண்டாடுவதை நிறுத்தினால் போதும்.

ஏழை எந்த நிறத்தில் இருந்தாலும் துன்பம்தானே என்பது இன்னொரு மறுப்பு. ஆர்லின் ஜெரோனிமஸ் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. நீண்டகால மன அழுத்தம் உடலில் விட்டுச்செல்லும் தேய்மானத்தை இரத்த அழுத்தம் முதலான அளவீடுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, வறுமையில் இல்லாத கறுப்பினத்தவரின் நிலை ஏழை வெள்ளையரின் நிலையைவிட மோசமாக இருந்தது. கறுப்பினப் பெண்களின் நிலை எல்லோரையும்விட மோசம்.

அப்படியானால் அவள் ஓய்வெடுக்கட்டும், ஆலோசகரிடம் போகட்டும் என்பார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் அந்நாட்டின் உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர். கட்டணமும் காப்பீடும் தனிக் கதை. தன்னைக் கவனித்துக்கொள்வதும் அவள் பட்டியலில் இன்னொரு வேலையாகச் சேர்ந்தால், பாரம் குறையாது. அவள் சொன்னதை முதல் தடவையே நம்பும் மருத்துவர், லீவு கேட்டால் முகம் சுளிக்காத மேலதிகாரி, வீட்டுப் பொறுப்பில் பாதியை ஏற்கும் குடும்பம், பணம் ஒதுக்கும் அரசு ஆகியோர்தான் கடன்பட்டவர்கள். இதில் அரசின் கணக்கைச் சுலபமாகப் பார்த்துவிடலாம். கறுப்பினத் தாய்மார்களின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் நிதி கேட்டு லாரன் அண்டர்வுட் உள்ளிட்டோர் 2021-இல் அமெரிக்கக் காங்கிரசில் 12 மசோதாக்கள் கொண்ட ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் கறுப்பினத்தவரில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 69.9 தாய்மார் இறந்தார்கள். வெள்ளை இனத்தவரில் அந்த எண்ணிக்கை 26.6. அந்த ஆண்டில் 12 மசோதாக்களில் சட்டமானது ஒன்றுதான். அதுவும் ராணுவத்தில் பணியாற்றிய பெண்களுக்கு மட்டுமானது.