அடிபம்பு

விடியவில்லை. எங்கள் ஏனாத்தூரில் குழாயில் தண்ணீர் விட இன்னும் நேரமிருக்கிறது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை ராத்திரி மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். சின்னப் புத்தகம்தான். ஆனால் அதன் நாயகி ஜமுனா தூங்க விடவில்லை.

*

முதல்முறை படித்தபோது அதைச் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சக் கதை என்றே நினைத்தேன். 1973-ல் புத்தகமாக வந்தது. தெருவே குடமும் பக்கெட்டுமாக அலைகிறது. ஆனால் அத்தனை கூட்டத்துக்கு நடுவே ஜமுனாவுக்கு யாருமில்லை. பாஸ்கர் ராவ் என்பவன் சினிமா ஆசை காட்டியே அவளைச் சீரழிக்கிறான். கூட இருந்த தங்கை சாயாவும் கோபித்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறாள். சாயாவுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? புருஷன் ராணுவத்தில், பிள்ளை வேறொரு வீட்டில். ஒரே அறையில் படுத்தெழுந்த அக்கா தங்கைக்குள்ளும் ஒருத்தி பாரம் இன்னொருத்திக்கு எட்டவில்லை.

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர். வாய்ப்புக்குக் காத்துக் கிடந்த முகங்களை அங்கே பார்த்திருப்பார். ஜமுனாவை அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

*

நாவலில் வரும் டீச்சரம்மாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சாகத் துணிந்து, அதுவும் முடியாமல் போன ஜமுனாவிடம் அவள் இதமாக எதுவும் பேசுவதில்லை. தன் கதையைச் சொல்கிறாள். நோயாளிப் புருஷன், கடுமையான மாமியார், பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை. ஜமுனாவுடையதைவிடக் கொடிய தனிமை அது. உட்கார்ந்து அழக்கூட அவளுக்கு நேரமிருந்ததில்லை. நம் நாவல்களில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தவற்றில் இந்தக் கதையைவிடப் பெரியதை நான் படித்ததில்லை. அதற்குப் பிறகுதான் ஜமுனா தெருவுக்கு வருகிறாள், தண்ணீருக்காக நாலு பேரோடு நிற்கிறாள். அவள் கஷ்டம் எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் நிற்கிறாள்.

*

எங்கள் தெருக்கோடியில் ஓர் அடிபம்பு இருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாய் வந்தபின் அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவு. எதிர்வீட்டு ஆயா மட்டும் தினமும் போகிறாள். பச்சைப் பிளாஸ்டிக் குடம். அதன் வாயில் பழைய வேட்டித் துணி கட்டியிருக்கும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கைப்பிடியை ஏழெட்டுத் தடவை அடித்தால்தான் பம்பு இரும்பு வாடையோடு கக்கும். ஆயாவின் மகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, அங்கேயே குடித்தனம்.

"வீட்லயே குழா இருக்குதே ஆயா?" என்று நேற்றுக் கேட்டேன்.

"இருக்குது. இங்க வந்தா யாரனா வருவாங்க இல்ல?"

நேற்று வந்தது நான் ஒருத்திதான். அதுவும் பால் வாங்கப் போகிற வழியில், நின்றது ஒரு நிமிஷம்.

*

காக்கை கத்த ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டில் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்கிறது. சமையலறையில் ஒரு குடம் காலியாக இருக்கிறது. எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.