பொதுச்சுவர்

உழவர்கரையில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. "நல்ல மனை, இரண்டு பக்கமும் பொதுச்சுவர்" என்றார் தரகர். அதைக் குறையாகச் சொன்னாரா, நிறைவாகச் சொன்னாரா என்று விளங்கவில்லை.

கேட்பவர் இருவர். ஒருவர் குடியிருக்க வாங்குகிறார். மற்றவர் இடித்து மாடி மாடியாக எழுப்ப. அவர் தரும் விலையே அதிகம். விற்பவர் யாருக்குக் கொடுக்க வேண்டும்?

1804-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு சிவில் சட்டம், வேறு சான்று இல்லையென்றால், இரு வீட்டுக்கு நடுச்சுவர் இருவருக்கும் பொது என்றே கொள்கிறது. பழுது பார்க்கும் செலவும் பொது. 1954-இல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்துப் போனார்கள். சுவர்கள் போகவில்லை. ஆனால் சட்டம் செங்கல்லையும் சுண்ணாம்பையும்தான் பங்கிட்டது. அதன் வழியே கேட்கும் இருமலையும் தாலாட்டையும் யார் கணக்கில் எழுதுவது?

புதுவையின் பழைய தமிழ் வீடுகளுக்குத் திண்ணையும், தெருவோரத் தாழ்வாரமும் உண்டு. அந்த நிழல் வழிப்போக்கனுக்காக இறக்கியது. வைசியாள் வீதியில் அத்தகைய முகப்புகளை வரிசையாகச் சீர்செய்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் பாராட்டுக் கிடைத்தது. வரிசையில் ஒன்றை இடித்தால், பல் விழுந்த வாய்தான்.

அதற்காக, குறைந்த விலைக்கே விற்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பெண்ணின் கல்யாணத்தை வைத்துக்கொண்டிருப்பவரிடம் அழகைப் பற்றிப் பேசுவது எளிது, கேட்பதுதான் கடினம். ஆயினும் முன்பணம் வாங்குமுன், அந்தச் சுவரின் மறுபுறம் தலைவைத்துப் படுப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டவர் அவர். ஒருவேளை அவர்களே வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் கடப்பாரை வருமுன் சுவருக்கு முட்டாவது கொடுத்துக்கொள்வார்கள்.

சொன்னால் விலை கெட்டுவிடும் என்கிறார் தரகர். கெடலாம்.