ஆசிரியராகப் போகிறவரும் மாணவர் சங்கமும்

பல்கலைக்கழகத்தின் ஏனைய பீடங்களில் மாணவர் சங்கம் என்பது படிப்புக்குப் புறம்பானதாக, விரும்பியவர் சேரவும் விரும்பாதவர் ஒதுங்கவும் இடமுள்ளதாக இருக்கலாம். ஆசிரியரை உருவாக்கும் கல்விப் பீடத்திலோ அதனை அவ்வளவு எளிதாகப் புறத்தே நிறுத்திவிட முடியாது. கல்விப் பீடம் எனப்படுவது பாடசாலை ஆசிரியரையும் கல்வித்துறை அலுவலரையும் பயிற்றுவிக்கும் பல்கலைக்கழகப் பிரிவாகும். 1978ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாக உருப்பெற்ற கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில், கல்விமாணி எனப்படும் இளநிலைப் பட்டத்துக்குப் படிக்கும் இளைஞரும், வேறு துறையில் பட்டம் பெற்றுப் பாடசாலையில் பணியேற்ற பின்னர்ப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தொடர வரும் ஆசிரியரும் பயில்கின்றனர். இவர்களுள் இளையவர்கள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறையெடுத்துத் தங்கி, விரிவுரை மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் அறைக்கும் இடையிலேயே தம் பல்கலைக்கழக ஆண்டுகளைக் கழித்துவிடுவதா, அன்றி மன்றம், சங்கம், ஒன்றியம் ஆகியவற்றின் பொறுப்புகளையும் ஏற்பதா என்னும் வினா பொழுதுபோக்கைப் பற்றியதன்று. தாம் எத்தகைய ஆசிரியராக ஆகப்போகிறோம் என்பதைப் பற்றியது.

இலங்கைப் பாடசாலை ஒன்றில் புதிதாகக் கடமையேற்கும் ஆசிரியரிடம் அதிபர் முதலில் ஒப்படைப்பது நேரசூசியை என்றால், அடுத்து ஒப்படைப்பது பெரும்பாலும் ஒரு மன்றத்தையோ விழாவையோதான். தமிழ்த்தினப் போட்டிக்கு மாணவரைப் பழக்குதல், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓர் இல்லத்தைப் பொறுப்பேற்றல், வாணி விழாவையும் ஒளி விழாவையும் நடத்துதல், மாணவர் மன்றத்துக்குத் தலைவரைத் தெரிவுசெய்வித்தல் ஆகியன அனைத்தும் இணைப்பாடவிதானச் செயற்பாடுகள், அதாவது பாடத்திட்டத்தோடு சேர்ந்து நடந்தாலும் பரீட்சைப் புள்ளிக்கு உட்படாத கற்றற் செயல்கள் என்ற பெயரில் அவருடைய தோளில் வந்து சேருகின்றன. விரிவுரை மண்டபத்தில் இவற்றைப் பற்றிக் கேட்டறியலாம்; செய்து பழகுவதற்கோ மாணவப் பருவத்தில் சங்கத்தைத் தவிர வேறு களம் இல்லை. ஒரு கூட்டத்தையேனும் கூட்டி நடத்தியிராத ஒருவர், மாணவர் மன்றத்தை வழிநடத்த நேரும்போது தமக்குத் தெரிந்த ஒரே முறையான கட்டளையிடுதலையே கையாளுவார் என்பதில் வியப்பில்லை.

சங்கம் இத்தகைய களமாக விளங்கியதற்குச் சான்றாக நெடுந்தூரம் தேட வேண்டியதில்லை. கொழும்பின் வரலாற்றிலேயே அது இருக்கின்றது. இன்றைய கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வளவில் 1921 முதல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியில், 1930களின் பிற்பகுதியில் விரிவுரையாளராக இருந்த க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்களை எழுதினார். அவற்றை மேடையேற்றியவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். தமிழ்ச் சங்கத்து மாணவர்களே. அந்நாடகங்களுள் நான்கு 1940இல் ‘நானாடகம்’ என்னும் நூலாக வெளிவந்தன. புராணக் கதைகளும் செந்தமிழ் வசனங்களுமே மேடைக்குரியன என்று கருதப்பட்ட காலத்தில், ஊரில் பேசும் பேச்சை மேடையில் ஒலிக்கச் செய்யும் துணிவுக்கு இடங்கொடுத்தது பாடத்திட்டமன்று, ஒரு மாணவர் சங்கமே ஆகும். அவரிடம் பயின்ற சு. வித்தியானந்தன், அக்கல்லூரியிலிருந்து உருவான பல்கலைக்கழகம் பேராதனைக்குச் சென்ற பின்னர், 1962இல் ‘கர்ணன் போர்’ என்னும் கூத்தையும், தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றையும் மாணவரைக் கொண்டே மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் பேராசிரியராகி, அக்கலையைத் தம் மாணவருக்கும் வழங்கினார். ஆசிரியர் எழுத, மாணவர் ஆட, அம்மாணவர் ஆசிரியராகி மீண்டும் மாணவரை ஆடச் செய்யும் இத்தொடர் அறுபடாது நீண்டதற்குச் சங்கம் என்னும் அமைப்பு காரணமாயிருந்ததே தவிர, எந்தப் பாடநெறியும் அதனை விதித்திருக்கவில்லை.

மாணவர் சங்கத்துக்கு வெளியிலும் கொழும்புத் தமிழர் தம் கல்வி வாழ்வைச் சங்கங்களின் வழியாகவே கட்டியெழுப்பினர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளல் தகும். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் 1902 முதல் இயங்கிவரும் விவேகானந்த சபை நடத்தும் சைவசமயப் பரீட்சை நாடெங்குமுள்ள பாடசாலை மாணவருக்குப் பழக்கமானது. வெள்ளவத்தையில் 57ஆவது ஒழுங்கையில் அமைந்துள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கப்பட்டது. அதன் நூலகத்தை நாடிவரும் பல்கலைக்கழக மாணவர் இன்றும் உளர்.

மாணவர் சங்கப் பணி ஆசிரியத்துக்கு எவ்வாறு உதவுகின்றது என்பதை அதன் உள்ளே புகுந்து பார்த்தால்தான் விளங்கும். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் மாணவர் ஒன்றியங்களுக்கும் சங்கங்களுக்கும் சட்டத் தகுதியை வழங்குகின்றது. ஒவ்வொரு சங்கத்துக்கும் யாப்பு, அதாவது அதன் நோக்கத்தையும் உறுப்புரிமையையும் தெரிவுமுறையையும் வரையறுக்கும் விதித்தொகுதி, ஒன்று உண்டு. விரிவுரையாளர் ஒருவர் பெரும்பொருளாளராக இருந்து நிதியைக் கண்காணிக்க, மாணவர் ஒருவர் இளம்பொருளாளராக நாளாந்தக் கணக்கைக் கவனிப்பது நெடுநாளைய வழக்கம். ஆண்டு மலர் ஒன்றை வெளியிட முனையும் இளம்பொருளாளரின் வேலையை எண்ணிப் பார்க்கலாம். காலி வீதியின் புடைவைக் கடைகளிலும் செட்டியார் தெருவின் நகைக் கடைகளிலும் விளம்பரம் கேட்டு ஏறி இறங்க வேண்டும். முதலாளி இல்லை, நாளை வாருங்கள் என்று சொல்லப்படும்போது முகம் சுளிக்காமல் நாளையும் செல்ல வேண்டும். பற்றுச்சீட்டின் அடிக்கட்டையில் எழுதிய தொகையும் வங்கியில் இட்ட தொகையும் ஒத்திருக்க வேண்டும். அச்சகத்தார் தாளின் விலை ஏறிவிட்டது என்று கூறினால், எத்தனை பக்கத்தைக் குறைப்பது, எவருடைய கட்டுரையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது என்பதைச் செயற்குழுவில் வைத்து முடிவெடுத்து, அம்முடிவை உரியவரிடம் நேரிற் சென்று சொல்ல வேண்டும். இறுதியில் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, ஐம்பது பேர் கேள்வி கேட்க, ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். புள்ளியிடும் அதிகாரமோ தண்டிக்கும் அதிகாரமோ இன்றி, வெறும் நம்பிக்கையின் பேரில் மட்டுமே ஒருவர் பிறருக்குப் பொறுப்பாளியாகும் அனுபவம் இது. வகுப்பறையில் ஆசிரியருக்குக் கிடைக்கும் அதிகாரம் கைக்கு வருமுன்னர் இந்த அனுபவம் கிடைத்துவிடுவது பெரும்பேறு என்றே சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் கல்வியியலாளர் அலெக்சாண்டர் அஸ்டின் 1984இல் முன்வைத்த ஈடுபாட்டுக் கோட்பாடு இவ்விடத்தில் பயன்படுகின்றது. ஈடுபாடு என்பதை அவர், மாணவர் ஒருவர் தம் கல்வி அனுபவத்தில் செலுத்தும் உடல், உள ஆற்றலின் அளவு என வரையறுத்தார். அதன்படி, பெயர்ப்பட்டியலில் இருப்பது ஈடுபாடாகாது. ஐந்து சங்கங்களில் உறுப்பினராயிருந்து ஒன்றிலும் நாற்காலியைக்கூட அடுக்காதவரைவிட, ஒரே சங்கத்தின் நூலகப் பெட்டியை ஓராண்டு பராமரித்தவர் மிகுதியாகக் கற்றிருப்பார். நேர்முகப் பரீட்சைக்கான சான்றிதழுக்காகப் பதவிகளைச் சேர்ப்போரின் தொகை பெருகிவரும் இக்காலத்தில் இவ்வேறுபாட்டை வலியுறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

எனினும், கொழும்பின் தமிழ் மாணவர் எதிர்கொள்ளும் கடினமான தெரிவு, ஈடுபடுவதா இல்லையா என்பதன்று. எங்கே ஈடுபடுவது என்பதே. கல்விப் பீடத்தில் கற்பித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிமூலங்களில் நடைபெறுவதால், ஒரே பாடத்தைப் படிப்பவர்களும் வெவ்வேறு அறைகளில் அமர்கின்றனர். நடைபாதையில் முகம் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு பழக்கம் நின்றுவிடுகின்றது. தமிழ்ச் சங்கம், இந்து மன்றம், முஸ்லிம் மாணவரின் மஜ்லிஸ் ஆகியன தமிழ் பேசும் மாணவருக்கு உடனடியாக ஓர் உறைவிடம் போன்ற ஆறுதலை அளிக்கின்றன. மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ முதன்முறை கொழும்புக்கு வந்திறங்கிய ஒருவருக்கு அந்த ஆறுதல் சிறிய விடயமன்று. அதனைக் குறுகிய மனப்பான்மை என்று பழிப்பது அநீதியாகும். ஆனால், பீட மாணவர் ஒன்றியத்தின் கூட்டம் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும் என்பதால் தமிழ் மாணவர் அங்கே செல்லாதிருப்பதும், அவர்கள் வருவதில்லை என்பதால் அக்கூட்டம் சிங்களத்திலேயே நடப்பதும் ஒன்றையொன்று வளர்க்கும் வட்டமாகிவிடுகின்றன. இவ்வட்டத்தை உடைக்க வேண்டிய கடமை ஏனைய எவரையும்விட ஆசிரியராகப் போகிறவருக்கே உரியது. ஏனெனில், நாளை அவர் கொழும்பு வலயத்துப் பாடசாலையில் பணிபுரியும்போது மும்மொழியினரும் கூடும் ஆசிரியர் கூட்டத்தில் அமர்வார். அங்கே தம் மாணவருக்காகப் பேச வேண்டிய தருணத்தில் தலைகுனிந்திருந்தால், இழப்பு அவருடையதன்று, அம்மாணவருடையது. தடுமாறும் சிங்களத்தில் எழுந்து நின்று ஒரு திருத்தத்தை முன்மொழிவதும், தமிழில் பேச அனுமதி கேட்டு மொழிபெயர்ப்பைக் கோருவதும் இரண்டுமே ஏற்புடைய வழிகள்; வாய்மூடியிருப்பது மட்டுமே ஏற்புடையதன்று. சிங்கள மாணவர் ஒருவர் தமிழ்ச் சங்க விழாவில் முன்வரிசையில் விருந்தினராக அமராது, பின்னால் நின்று திரைச்சீலையை இழுக்கும் நாள் வருமாயின், அதுவும் இதே அளவுக்கு வரவேற்கத் தக்கது.

சங்கங்களைப் போற்றும்போது அவற்றின் நிழலில் வளர்ந்த கொடுமையை மறைத்தல் ஆகாது. புதுமுக மாணவரை மூத்தோர் அவமதித்தும் துன்புறுத்தியும் பணியச் செய்யும் பகிடிவதை, ‘நம்முடைய அணியில் சேர்த்துக்கொள்ளல்’ என்ற பெயரில் நிகழ்ந்து வந்துள்ளது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்செயல்களையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதற்குப் பின்னரும் அது முற்றாக ஒழியவில்லை. புதுமுக மாணவர் ஒருவரின் அச்சத்தைக் கண்டு சிரித்தவர் சில ஆண்டுகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்னால் நிற்கப்போகிறார் என்பதை எண்ணும்போது, இது மற்றெந்தப் பீடத்தையும்விடக் கல்விப் பீடத்தில் பாரதூரமானது என்பது தெளிவாகும். அச்சுறுத்தலால் ஆள் சேர்க்கும் சங்கத்திலிருந்து விலகி நிற்பதும், விலகுவதற்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல்வதும் ஈடுபாட்டின் ஒரு வடிவமே.

விலகி நிற்போர் அனைவரும் விருப்பமின்மையால் நிற்பதாகக் கொள்ளவும் கூடாது. அறை வாடகைக்காக மாலைதோறும் கொட்டாஞ்சேனையில் வீடுவீடாகப் பிரத்தியேக வகுப்பு எடுக்கும் மாணவருக்கும், இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வெள்ளவத்தையில் இடம் தரப்பட்ட மாணவிக்கும் பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கி முடிவு நேரம் தெரியாத கூட்டங்களில் பங்குபற்ற இயலாது. அதனால் பதவிகள் விடுதியில் வசிப்போருக்கும் வசதியுள்ளோருக்குமே சென்று சேருகின்றன. செயற்குழுக் கூட்டத்தை நண்பகல் இடைவேளையில் வைத்து, நிகழ்ச்சி நிரலைச் சிங்களத்திலும் தமிழிலும் முன்கூட்டியே அனுப்பி, முடியும் நேரத்தையும் அதிலேயே குறிப்பிடுவதற்குப் பணமோ பீடாதிபதியின் அனுமதியோ தேவைப்படாது. செயலாளர் ஒருவர் அடுத்த கூட்டத்திலிருந்தே அதனைத் தொடங்கலாம், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யாப்புத் திருத்தமாகவும் அதனைச் சேர்த்துக்கொள்ளலாம்.